கிணற்றடிப் பந்தலில் பட்டு முடிச்சுகள்

என் தேவகி அக்காவுக்கு,

கல்யாணமாகி இந்த வீட்டுப் படியேறிய நாளிலிருந்து உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீ மூத்த மருமகள், எனக்கு முன்னால் இந்த வீட்டு அடுப்புப் புகையில் கண் எரிந்தவள் என்கிற மரியாதை. இந்தக் கடிதத்தில் மட்டும் 'நீ' என்று எழுதுகிறேன். எனக்கு இருக்கிற கோபத்தை 'நீங்கள்' தாங்காது.

உன் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாட்டேன். எல்லோரும் படிக்கிற பத்திரிகையில்தான் எழுதுவேன். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால்தானே நீ போனாய்? உன்னைப் போலவே நானும் வாயை மூடிக்கொண்டு நல்ல மருமகள் என்று பெயர் வாங்க வேண்டுமா?

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் ஓரகத்திகள். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு. நீ தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்துக்கே வாழ்க்கைப்பட்டவள். நான் வேலூரில் பி.ஏ. படித்துவிட்டு இங்கே பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். நமக்குப் பொதுவாக இருந்தவை மூன்று: ஒரு சமையலறை, ஒரு கிணற்றடி, உன் மகள் வசந்தா.

அந்தக் கிணற்றடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பின்தெருக்காரர் மாடி எழுப்பினார். அதுவரை வானம் மட்டும் பார்த்த இடத்தை ஒரு ஆளும் அவனுடைய டிரான்சிஸ்டரும் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வசந்தா பாதிக் குளியலில் ஈரப் பாவாடையோடு உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, மேல ஒருத்தன் பீடி குடிச்சிக்கினு நிக்கிறாம்மா. நான் நிமிந்து பாத்தாகூட நவுரல."

நீ உன் வீட்டுக்காரரிடம் சொன்னாய். கீற்றாவது வைத்து அடையுங்கள் என்றாய். அவர் தறிக்குழியிலிருந்து எழாமலே பதில் சொன்னார்.

"அவன் மாடியில அவன் நிக்கிறான். அதுக்கு நான் இன்னா பண்ண? விடியறதுக்கு மின்ன எழுந்து குளிச்சிடுங்க."

அடுப்படிக்கு வந்து நீ என்ன சொன்னாய் தெரியுமா? எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"விடியறதுக்கு மின்ன குளிக்கணுமாம் சரசு. அவன் அதுக்கும் மின்ன எழுந்து பீடி பத்தவெச்சான்னா? பாதி ராத்திரியில எழுந்து குளிச்சிட்டு ஈரத் தலையோட படுத்துக்கலாமா?"

சிரித்தாய். நீ சிரித்தால் எனக்குப் பயம். சிரித்த பிறகு நீ எதையாவது செய்துவிடுவாய்.

கம்பம் ஊர்க்காரியான எங்கள் விஞ்ஞான டீச்சர் மேரி ஊருக்குப் போய்வரும்போது பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். "சீக்கிரம் படரும், நல்லா நிழல் கட்டும். பந்தல் மட்டும் பலமா இருக்கணும்" என்றாள். கேட்டதும் நீ கிணற்றடியின் நீள அகலத்தை முழம் போட்டுவிட்டாய்.

முதலில் சவுக்குக் கால் நட்டோம். கரையான் அடியைத் தின்றது. ஐப்பசி மழையில் ஒரு பக்கம் சாய்ந்து, கொடியும் கம்பியுமாகக் கிணற்றின் மேல் விழுந்தது. எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏம்மா டீச்சரு, காலேஜில இதான் சொல்லிக் குடுத்தாங்களா? காஞ்சிபுரத்துல திராட்ச காச்சா நான் மொட்ட போட்டுக்கறேன்."

"வேண்டுதல மாத்திடாத அத்த," என்றாய் நீ. "நாவிதருக்கு இப்பவே சொல்லி வெச்சிடு."

பிறகு கல்கால். மூன்றாம் வீட்டில் வண்டிக்கொட்டகையைப் பிரித்தபோது கல்கால்களைத் தெருவோரம் போட்டிருந்தார்கள். நீ போய்க் கேட்டாய். எடுத்துக்கொண்டு போங்கள், இடம் காலியானால் போதும் என்றார்கள். வீட்டு ஆண்கள் தொடவில்லை. 'பொம்பளைங்க வெளையாட்டு' என்று உன் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேலை என்று அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிட்டார். அவருக்கு எப்போதும் ஒரு ரயில் இருக்கும்.

ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன்.

இந்த வரியை எழுதும்போது பேனாவை அழுத்திவிட்டேன். துக்கத்தால் இல்லை, கோபத்தால். ஒவ்வொரு கல்லையும் நடையில் இறக்கி, கூடத்தில் இறக்கி, கொல்லையில் இறக்கினோம். இறக்கும்போதெல்லாம் நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். உதடு ஊதா நிறமாக இருந்தது. "இன்னாக்கா?" என்று கேட்டேன். "வயசாவுதும்மா, மூச்சு வாங்குது" என்றாய். முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டாய். "இது இன்னா?" என்றதற்கு "பித்தத்துக்கு" என்றாய்.

பித்தத்துக்கா அக்கா?

கால்களை நட்டுக் கம்பி இழுக்கும் நாளில் நீ ராணி மாதிரி இருந்தாய். நெடுக்குக் கம்பி பாவு, குறுக்குக் கம்பி ஊடை என்று எனக்கு வேலை சொன்னாய். "ரொம்ப நெருக்கிப் போட்டா கொடிக்கு மூச்சு முட்டும். அகலமாப் போட்டா மாடிக்காரன் கண்ணு பூந்துடும். சேலைக்கு மாதிரிதான், உடம்பும் மூடணும், காத்தும் வரணும்." தறியில் பாவை இழுத்துப் பிடிக்கிற மாதிரியே கம்பியை முறுக்கி, விரலால் தட்டி, சத்தம் கேட்டுப் பார்த்தாய்.

கொடியைக் கட்ட வாழை நார் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் மேரி. நான் நாரைக் கிழித்து நனைத்து வைத்திருந்தேன். நீ அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாய்.

"நாரா? ரெண்டு மழைக்கு நைஞ்சி பூடும். தறி வூட்டுல பொறந்துட்டு நாருல கட்டுவாங்களா? பட்டு இருக்குது பாரு."

அறுந்து ஒதுக்கின பட்டு நூலைக் கூடையோடு கொண்டுவந்து, இழைகளைச் சேர்த்து முறுக்கி, ஒவ்வொரு கிளையையும் கம்பியோடு சேர்த்துக் கட்டினாய். இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சு அவிழ்ந்தால் அவமானம் என்று வளர்ந்த கை. "எங்கூட்டு முடிச்சு அவுராது சரசு. நீயும் நானும் போனாலும் அவுராது" என்றாய். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பந்தல் முழுக்க உன் முடிச்சுகள் மினுங்கின.

கொடி படர்ந்தது. மாடிக்காரனுக்கு இலை மட்டும்தான் தெரிந்தது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து பந்தல் மொட்டையாக நிற்கும் நாட்களில் பழைய சேலைகளை மேலே விரித்துப் போட்டோம். வசந்தா பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். முதல் காய்ப்பில் வந்த பழத்தைக் கன்னியம்மா அத்தைக்கு ஒரு கிண்ணத்தில் நீயே கொண்டுபோய்க் கொடுத்து, அவள் தலைமுடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாய். உன் வீட்டுக்காரர் "புளிக்குது" என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தார்.

அந்தப் பந்தலின் கீழேதான், கொடிக்கு ஊற்றத் தண்ணீர் சேந்தும்போது, நீ விழுந்தாய். நான் பள்ளியில் இருந்தேன். ஓடி வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி சேந்தினாங்களா?" என்றார் உன் வீட்டுக்காரரிடம். "போன வருஷமே சொன்னேனேப்பா, நெஞ்சு வீக்கா இருக்குது, கனமா எதுவும் தூக்கக் கூடாதுன்னு. மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போன்னு சீட்டு எழுதிக் கொடுத்தேனே. போகலையா?"

உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அந்தக் கல்லின் கனம் அப்படியே திரும்பி வந்தது.

போன வருஷமே. நாம் கல் தூக்கியதற்கு முன்பே. உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மறுமுனையைப் பிடித்த எனக்கு மட்டும் தெரியாது. என்னை நானே திட்டிக்கொள்வேன் என்று நினைக்காதே. தெரியாததற்கு நான் பொறுப்பு இல்லை. நீதான் பொறுப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூலிக்கு ஆள் பிடித்திருப்பேனே. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானே மெட்ராஸ் பஸ் ஏறியிருப்பேனே. அதனால்தான் சொல்லவில்லையா?

காரியம் முடிந்த பிறகு அவரிடம் நேராகவே கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஏன் மாமா யாருகிட்டயும் சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. வசந்தாவுக்கு எடம் பாத்துக்கினு இருக்கற நேரத்துல ஆத்தாக்காரிக்கு நெஞ்சு நோவுன்னா எவன் வருவான்? மெட்ராஸ் ஆஸ்பத்திரின்னு போனா தெருவே பேசும். கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னா."

நீ சொன்னாயாம், அவர் கேட்டுக்கொண்டாராம். கீற்று அடையுங்கள் என்று நீ சொன்னபோது கேட்காத காது இதை மட்டும் எப்படி அக்கா கேட்டது?

ஆனால் கேள், சமாசாரம் இன்னும் இருக்கிறது. செய்யாற்று வரன் கூடிவந்தது. நீ பார்த்து வைத்ததுதான். நீ போய் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றார்கள். அதற்குள் உன் கொடியில் ஒரு பக்கம் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. கன்னியம்மா அத்தை வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நட்டவளோட அதுவும் போவுது பாரு. கெணத்தாண்ட கொடி படர்ந்தா வூட்டுப் பொம்பளைய வாங்கிடும்னு அப்பவே நெனச்சேன். கல்யாண வூட்டுல இத்த வெச்சிருக்காதீங்கப்பா."

அவளுக்குத் துக்கம், வாயில் வந்ததைச் சொன்னாள். அவளை மன்னித்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எதன் மேலாவது பழியைப் போட வேண்டுமே. திராட்சைக்கு வாய் இல்லை.

மறுநாள் காலை கடப்பாரையும் கையுமாகக் கொல்லைக்கு வந்தார். கூடவே தறிக்காரர்கள் இரண்டு பேர். முதல் கல்காலின் அடியில் கடப்பாரையை விட்டு நெம்பினார்.

"மாமா, கடப்பாரையக் கீழ வையுங்க," என்றேன்.

"டீச்சரம்மா பாடம் எடுக்க வந்துட்டாங்கப்பா. இந்தப் பந்தல்தான் அவள வாங்கிச்சி. இது இனிமே இந்த வூட்டுல நிக்கக் கூடாது."

"பந்தல் வாங்கல மாமா. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்ட மடிச்சி வெச்சீங்களே, அது வாங்கிச்சி. கல்யாணத்துக்கு நோவு தெரியக் கூடாதுன்னு ரெண்டு பேரும் மூடி வெச்சீங்களே, அது வாங்கிச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். சமையலறை வாசலில் வசந்தா நின்றிருந்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. அம்மா திடீரென்று போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"என் கல்யாணத்துக்காகவா?" என்று கேட்டாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். உன் மகள் அழவில்லை அக்கா. சிரித்தாள், உன்னை மாதிரியே. உள்ளே போய் மாற்றுப் பாவாடையும் துண்டும் எடுத்து வந்தாள். நேராகப் பந்தலுக்குக் கீழே போய்த் துவைக்கிற கல்லின் மேல் துண்டை வைத்தாள். பின்னலை அவிழ்த்தாள்.

"நான் குளிக்கப் போறேன். ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்ட போங்க."

"ஏய், இன்னா இது, வெளையாட்றியா?" என்றார் உன் வீட்டுக்காரர்.

"இல்லப்பா. குளிக்கணும். மேல மறைப்பு இருக்கறப்பவே குளிச்சிக்கறேன். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ."

தறிக்காரர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடையைத் தாண்டிவிட்டார்கள். பெண் குளிக்கும் இடத்தில் எந்த அப்பன் நிற்பான்? அவர் கடப்பாரையைச் சாய்த்துவிட்டுப் போனார். வசந்தா தண்ணீரைச் சேந்திச் சேந்தித் தலையில் கொட்டினாள். வாளி கிணற்றில் மோதும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மத்தியானச் சோற்றுக்குக்கூட அவள் கிணற்றடியை விட்டு வரவில்லை. அன்றைக்குப் பிறகு கடப்பாரையைப் பற்றி அவர் பேசவில்லை.

ஆனால் கொடி காய்ந்துகொண்டேதான் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கன்னியம்மா அத்தை சொன்னதே நிஜமாகிவிடும் போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டு ஏறி, இலைகளை விலக்கிப் பார்த்தேன்.

உன் பட்டு முடிச்சுகள் அக்கா. ஒன்றுகூட நையவில்லை, ஒன்றுகூட அவிழவில்லை. கொடிதான் பருத்திருந்தது. நூல் பட்டைக்குள் இறங்கி, மேலே சதை வீங்கி மூடி, சில இடத்தில் நூலே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கிளையின் கழுத்தில் அரக்கு நிறம் கோடு மாதிரி மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் சுள்ளி. வாழை நாராக இருந்தால் வெயிலிலும் மழையிலும் நைந்து, கொடி பருக்கும்போது தானாக விட்டிருக்கும். பட்டு விடாது. விடாமல் இருப்பதுதான் அதன் பெருமை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டூலின் மேலேயே நின்று உன்னைத் திட்டினேன், வாய்விட்டு. மாடிக்காரன் எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

இப்போது உன்னை உலுக்குகிற சமாசாரத்துக்கு வருகிறேன். வசந்தா ஒரே பிடியாக நின்றாள். "செய்யாறுக்காரங்ககிட்ட அம்மா எதனால செத்தாங்கன்னு சொல்லணும் சித்தி. மறைச்சி வெச்சி நான் போவ மாட்டேன்." உன் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், சொல்லிவிடாதே என்று. நான் சொன்னேன். தட்டு மாற்ற வந்த அன்றே, மாப்பிள்ளையின் அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இப்படி இப்படி, நெஞ்சில் கோளாறு, உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்துவிட்டார்கள் என்றேன். அந்த அம்மாள் வெற்றிலையை மடித்த கையை நிறுத்தினார்கள்.

"அட, இதுக்கா இவ்ளோ பேஜாரு? எங்க வூட்டுக்காரருக்கும் நெஞ்சுல வலி வந்து வேலூருல படுத்துக்கினு இருந்தாரே. இப்ப வயக்காட்டுல நின்னு எல்லாரையும் திட்டிக்கினு இருக்காரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த டாக்டராண்டயே கூட்டிக்கினு போயிருப்போமேம்மா."

சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கேட்டாயா அக்கா? வேலூர். நான் படித்த ஊர். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். யாருக்குப் பயந்து மாத்திரையை முந்தானையில் முடிந்தாயோ அந்த அம்மாளே உன் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார்களாம். தெரு பேசும் என்றாயே, உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான் தெரு பேசியது. அதுவும் நல்லபடியாகத்தான் பேசியது. 'வாயத் தொறந்து ஒரு நோவு சொன்னதில்லம்மா, மகராசி' என்றார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

அன்று அந்த அம்மாளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். வாளியை எடுத்துச் சுவரில் எறிந்தேன். நசுங்கிவிட்டது. இன்னும் அதில்தான் தண்ணீர் சேந்துகிறோம்.

இன்று காலை நானும் வசந்தாவும் முடிச்சுகளை அறுத்தோம். தறியில் வைத்திருக்கும் உன் பிளேடுதான். வெளியே தெரிந்தவை சுலபமாக வந்தன. உள்ளே இறங்கியவற்றைப் பட்டையைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்துவிட்டோம். அடித்தண்டில் உயிர் இருக்கிறது, கீறிப் பார்த்தோம், பச்சையாக இருந்தது. மற்ற கிளைகளை வாழை நாரால் கட்டினோம், விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு. வசந்தாவின் கை பழக்கத்தில் இறுக்கிப் போட்டது. "தளர்த்துடி" என்றேன். தளர்த்தினாள். மேலே உன் பழைய பச்சைச் சேலையை விரித்திருக்கிறோம், துளிர்க்கும் வரைக்கும்.

கட்டி முடித்து இறங்கும்போது அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "சித்தி, தலை சுத்துது" என்றாள்.

வெயில்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். ஆனால் சொன்னாள் பார். சுவரில் சாய்ந்துகொள்ளாமல், பித்தம் என்று சொல்லாமல், வாயைத் திறந்து சொன்னாள். நான் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உன்னை நினைத்து, முதல் தடவையாக அழுதேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி எந்தப் பெண்ணுக்கு எங்கே வலித்தாலும் அது தெருவுக்குக் கேட்கும். கேட்க வைப்பேன். பந்தலையும் நான் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு கவாத்துக்கும் நாரை மாற்றிக் கட்டுவேன். பழம் வந்தால் முதல் கிண்ணம் செய்யாற்றுக்கு, இரண்டாவது கன்னியம்மா அத்தைக்கு. உன் வீட்டுக்காரருக்கும் கொடுப்பேன். புளிக்கிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிடட்டும்.

கோபம் தணிகிற அன்றைக்கு மறுபடி உன்னை 'நீங்க' என்று கூப்பிடுகிறேன். இன்றைக்கு இல்லை.

கல்லின் மறுமுனையைப் பிடித்த
உன் ஓரகத்தி,
சரசு